கடைமடைக்குத் தண்ணி வரலீன்னா

வா கண்ணு, உக்காரு. அந்த ஸ்டூலு வேண்டாம். அது நீ வெல்டு வெச்சுக் குடுத்தது. இப்படித் திண்ணைக்கு வந்துரு.

மூஞ்சி ஏன் தொங்குது? மிக் வெல்டிங் மிசினு சரியில்லையா? அரதப் பழசா? அதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, டி.வி. பொட்டியாட்டம் திரை வெச்ச புது மிசினு வாங்கப்போறியா? தாராளமா வாங்கு சாமி. உன்ற காசு, உன்ற கவுரதை. கெழவன் குறுக்க நிக்கமாட்டான். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். இந்த ஆறு மாசத்துல அந்த மிசினோட பக்கத்து மூடியை ஒருக்காவாச்சும் தொறந்தியா?

தொறக்கலை. எனக்குத் தெரியும். தொறந்திருந்தா உள்ள குடியிருக்கற பல்லி வெளிய வந்திருக்கும்.

நீ புதுசா வாங்குன ஹெல்மெட்டைப் பாத்தேன். கழுகுப் படம் போட்டது. பொறி தட்டுனதும் கண்ணாடி தானா இருட்டாகுது. அதைக் குத்தம் சொல்லமாட்டேன், கண்ணுக்கு நல்லது. தோலு ஏப்ரனு, முழங்கை வரைக்கும் கையுறை, பூட்ஸு. அத்தனையும் மாட்டீட்டு, டார்ச்சைத் துப்பாக்கியாட்டம் தூக்கிப் புடிச்சுப் போட்டா எடுத்து வாட்ஸப்புல போட்டயே, அதையும் பாத்தேன். என்ற பேத்தி காட்டுனா. எல்லாமே பளபளன்னு இருந்துச்சு. எர்த்து கிளாம்பு மாட்டுன எடத்தைத் தவிர. பெயிண்டு மேல மாட்டியிருந்தே.

ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். அவளாச்சும் மேடை மேல ஏறிப் பாத்துட்டுச் சொன்னா. நீ கீழ நின்னுட்டே சொல்றே.

லேட்டஸ்டு டெக்னாலஜி வேணும்ங்கறே. கண்ணு, மிக்கே லேட்டஸ்டு இல்லை. 1948-ல அமெரிக்காவுல பேட்டல்னு ஒரு ஆராய்ச்சி நிலையத்துல கொண்டாந்தது. அதுவும் அலுமினியத்தை ஒட்டறதுக்காக. அப்ப சுத்தி ஊதறதுக்கு ஆர்கான், ஹீலியம்னு வெலை ஒசந்த கேஸு. சாதா இரும்புக்கு அது கட்டுபடியாகுமா? வெள்ளித் தட்டுல கம்மங்கூழு ஊத்துன கதையாத்தான் இருந்துச்சு. 1953-ல ரஷ்யாக்காரங்க ரண்டு பேரு, லியுபாவ்ஸ்கி, நோவோஷிலோவ்னு பேரு, எனக்கு வாயில நொழையறதுக்கே ஒரு வாரமாச்சு, அவங்கதான் கார்பன் டை ஆக்சைடே போதும்னு செஞ்சு காட்டுனாங்க. கோலி சோடாவுல பொங்கி வருதே, அதே கேஸு. அதுக்கப்பறம்தான் இது சின்னப் பட்டறை வாசல்படி ஏறுச்சு. அந்தக் கணக்குல பாத்தா மிக்கு எனக்கு அண்ணனாட்டம். வயசாச்சுன்னு அதை எடைக்குப் போடறவன், நாளைக்கு என்னையும் தராசுல ஏத்திருவே.

சரி, உன்ற மிசினு என்ன பெரிய மிசினு? சிங்கிள் பேஸு. உள்ள ஒரு டிரான்ஸ்பார்மரு, ஒரு ரெக்டிபையரு, ஒரு காத்தாடி, கம்பி தள்ளறதுக்கு ஒரு சின்ன மோட்டாரு. முன்னால நாலு படிக்கு சுவிட்சு, கம்பி வேகத்துக்கு ஒரு திருகு. அவ்வளவுதான் சொத்து. வெளிநாட்டுல ஆளுக ஞாயித்துக்கெழமை பொழுது போக்கறதுக்கு, காரு செட்டுல குனிஞ்சு ஒட்டுப்போடறதுக்குன்னு செஞ்ச சாமானம். நெத்தியில 150 ஆம்பியர்னு எழுதியிருக்கும். அதுல கெட்டுப்போறதுக்கு என்ன இருக்குது? அம்மிக்கல்லு கெட்டுப்போகுமா? கொத்து வேணா தேஞ்சு போகும்.

நீ தோட்டத்துக்காரன் ஊட்டுப் பையன். உனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன். கெணத்துல மோட்டாரு ஓடுது. கடைமடையில தண்ணி வரலை. உங்கப்பன் என்ன பண்ணுவான்? மோட்டாரைக் கழட்டி விப்பானா? மம்பட்டியைத் தோள்ல போட்டுட்டு வாய்க்கா ஓரமா நடப்பான். எங்கியோ எலி வளை போட்டிருக்கும். எங்கியோ புல்லு மண்டிக் கெடக்கும். ஒரு எடத்துல பக்கத்துத் தோட்டத்துக்காரன் மடையைத் தொறந்து உட்டிருப்பான். அதையெல்லாம் அடைச்சுட்டு வந்தா தண்ணி தானா கடைசி பாத்திக்கு ஏறும்.

மிக் மிசினுல ரண்டு வாய்க்கா ஓடுது. ஒண்ணுல கரண்டு. இன்னொண்ணுல கம்பி. ரண்டும் டார்ச்சு நுனியில இருக்கற டிப்புல வந்து கலக்குது. கேஸு இருக்குதே, அது வேலி. வெளிக்காத்தை உள்ள உடாம நிக்கறது. நீ வாய்க்காலயும் நடக்கலை, வேலியையும் பாக்கலை. மோட்டாரு மேல கோவிச்சுட்டு வந்து உக்காந்திருக்கறே.

கரண்டு வாய்க்காலை மொதல்ல பாப்போம். ஊட்டுல இருந்து செட்டுக்கு ஒரு எக்ஸ்டென்சன் ஒயரு இழுத்திருக்கயே, டேபிள் பேனுக்கு மாட்டறது. அதுலயும் பாதி இன்னும் சுருள்லயே கெடக்குது. அதுல எப்படிடா கரண்டு வரும்? வைக்கோல் தண்டுல கரும்புச்சாறு உறிஞ்சற மாதிரித்தான் வரும். சுருட்டி வெச்ச ஒயரு சூடேறி உருகியும் போயிரும். நல்ல காப்பர் ஒயரு, 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் கொறையாம வாங்கு. முழுசா விரிச்சுப் போடு. முடிஞ்சா நீளத்தையே கொறை.

அப்பறம் நம்மூரு வோல்டேஜு. பைக்காராவுல 1932-ல கரண்டு எடுத்தாங்க. அதுக்கப்பறம் இந்தச் சீமையில மில்லும் பட்டறையுமாப் பெருகிப்போச்சு. ஆனா நம்ம ஊரு டிரான்ஸ்பார்மரு இன்னும் அதே ஊரு டிரான்ஸ்பார்மருதான். நீ வேலை உட்டு வந்து பொழுதோட ஏழு மணிக்கு மிசினைப் போடறே. அந்நேரத்துக்கு ஊரே ஏ.சி.யும் கிரைண்டரும் போட்டிருக்குது. 230 வரவேண்டிய எடத்துல 190 வருது. டிரான்ஸ்பார்மருக்குப் பொய் சொல்லத் தெரியாது கண்ணு. உள்ள வந்த கணக்குக்குத்தான் வெளிய அளக்கும். 19 வோல்ட்டு குடுக்க வேண்டிய படியில 16 கூட வராது. இரும்பு உருகாம கம்பி மட்டும் மேல குவிஞ்சு நிக்கும். நீ மிசினைத் திட்டுவே. புது இன்வெர்ட்டர் மிசினு இந்த ஏத்த எறக்கத்தைச் சித்தச் சமாளிச்சுக்கும், அதை ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு முன்னால ஒரு நா வெடியால அஞ்சரைக்கு எந்திரிச்சு வெச்சுப் பாரு. அதே மிசினு, அதே கம்பி, அதே நீ. என்ன, அஞ்சரைக்கு எந்திரிக்கறதுக்குப் புது மிசினே வாங்கிரலாம்னு தோணுதா?

அடுத்தது எர்த்து. பாதி நோக்காடு அங்கதான் கெடக்குது. டார்ச்சைத் தொடைச்சுத் தொடைச்சு வெக்கறீங்க, கிளாம்பை மட்டும் தரையில போட்டு மிதிக்கறீங்க. கரண்டு மொய்ப்பணமாட்டம். போனது திரும்பி வந்தாத்தான் கணக்கு நேராகும். திரும்பி வர்ற வழியில பெயிண்டும் துருவும் இருந்தா எப்படி வரும்? மிசினோட குடுத்த கிளாம்பு தகரத்துல அடிச்சது, துணிக்கு மாட்டற கிளிப்பை விடச் சித்தப் பெருசு. அதைத் தூக்கி வீசீட்டு கனமான பித்தளைக் கிளாம்பு ஒண்ணு போடு. மாட்டற எடத்தை கிரைண்டர்ல வெள்ளையாத் தேச்சுட்டு மாட்டு. வெல்டு வெக்கற எடத்துக்குப் பக்கத்துலயே மாட்டு. அக்கட்ட கோடியில மாட்டீட்டு இக்கட்ட வந்து பொறி பறக்கலீன்னு அழுவாத.

இப்ப மூடியைத் தொற. பிளக்கைப் புடுங்கிப்போட்டு. மறுக்காவும் சொல்றேன், புடுங்கிப்போட்டு. சுவிட்சை மட்டும் அணைச்சுட்டுக் கைய உடறவன் பொண்டாட்டி பேச்சைக் கேக்காதவன். சித்த நேரம் அப்படியே கெடக்க உடு. அப்பறம் கம்ப்ரஸர் காத்தை வெச்சு தூசியை ஊது. இரும்புத்தூள் படிஞ்சிருக்கும். காத்தாடி சுத்துதான்னு பாரு. தடி ஒயரு வந்து சேர்ற லக்கு ஒவ்வொண்ணையும் ஆட்டிப் பாரு. லூசா இருக்கும். கறுத்திருக்கும். உப்புத்தாள்ல தேச்சு இறுக்கு. முப்பது வருசமா ஒருத்தன் ஸ்பேனர் வெச்சுத் தொடாத நட்டு எப்படி இறுக்கமா இருக்கும்?

சித்த நேரம் ஓடுனா நின்னு போகுதுங்கறே. அது நோவு இல்லை கண்ணு, ஓய்வு. மிசினு முதுகுல டியூட்டி சைக்கிள்னு ஒண்ணு எழுதியிருக்கும். 20 சதவீதம்னா, பத்து நிமிசத்துல ரண்டு நிமிசம் வேலை, எட்டு நிமிசம் சும்மா. உங்க ஆபீசுல உனக்கும் அதே கணக்குத்தானே? அந்தக் கணக்கும் குளுந்த தேசத்துல போட்டது. நம்ம சித்திரை வெயில்ல அது இன்னும் கொறையும். சூடேறுனா உள்ள ஒரு கட்-அவுட் இருக்குது, அது நிறுத்திப்போடும். நிறுத்துனா போயி மோர் குடி. அடுத்த துண்டைத் தேச்சு வெய்யி. அதைப் போட்டு மறுக்கா மறுக்கா அமுக்கிட்டு நிக்காத.

இனிக் கம்பி வாய்க்கா. சூட்சுமமே இதுலதான். ராடு வெல்டிங்குல உன்ற கை தப்புனா உன்ற தப்பு. மிக்குல கம்பி மிசினு தள்ளி வருது. அது ஒரே சீரா வந்தா கத்துக்குட்டியும் மேஸ்திரி. விட்டு விட்டு வந்தா மேஸ்திரியும் கத்துக்குட்டி.

கம்பி உருளையைக் காட்டு. பாத்தியா, ஓரமெல்லாம் செவந்திருக்குது. மழைக்காலம் பூரா மூடாமப் போட்டு வெச்சிருக்கறே. துருக் கம்பி கேபிளுக்குள்ள ஓடற லைனருக்குள்ள போனா உப்புத்தாள் போன மாதிரி. செவந்த சுத்தைக் கழட்டி வீசு. நாள் கணக்குல வேலை இல்லீன்னா உருளையைக் கழட்டி பாலித்தீன் பையில கட்டி வெய்யி. ஊறுகாய்க்குக் காட்டற அக்கறையில பாதி போதும்.

அந்த டப்பா மேல ஈ.ஆர். 70 எஸ்-6னு போட்டிருக்குது. கடைக்காரன் அதை மந்திரமாட்டம் சொல்லியிருப்பான். மந்திரமெல்லாம் இல்லை. 70-ன்னா ஒட்டுன உலோகம் சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுப்புத் தாங்கும்னு அர்த்தம். எஸ்னா உள்ள மாவு இல்லாத கெட்டிக் கம்பி. 6-ங்கறது மாங்கனீசும் சிலிக்கானும் சித்தத் தாராளமா சேத்த வகை. லேசான துரு, அழுக்கு இருந்தா மன்னிச்சுக்கும். லேசானன்னு சொன்னேன். நீ வெல்டு வெச்ச கேட்டு பைப்பு மண்ணுல இருந்து தோண்டி எடுத்தது. அதை அந்த மாரியாத்தாளே மன்னிக்கமாட்டா.

கம்பியைத் தள்ளற ரோலரைப் பாரு. அதுல ரண்டு காடி இருக்கும், ஒண்ணு 0.6-க்கு, ஒண்ணு 0.8-க்கு. நீ போட்டிருக்கறது 0.6 கம்பி. ரோலரு நிக்கறது 0.8 காடியில. அப்பன் செருப்பைப் போட்டுட்டு ஓடற பையனாட்டம் வழுக்குது. வழுக்குதுன்னு நீ என்ன பண்ணே? அமுக்கற திருகை இறுக்கிப்போட்டே. இறுக்கி இறுக்கிக் கம்பி தட்டையாப் போச்சு. தட்டைக் கம்பி லைனருக்குள்ள பொறாண்டீட்டே போகும், டிப்புல சிக்கும். அங்க சிக்கினதும் இங்க ரோலரு தள்ளீட்டே இருக்கும். கம்பி எங்க போகும்? உள்ளயே குருவிக்கூடு கட்டும். அந்தக் கூட்டைக் கத்திரியில வெட்டி எடுக்கறப்ப நீ பேசுன பேச்சு இங்க வரைக்கும் கேட்டுச்சு. எங்க ஊட்டுக்காரி சன்னலைச் சாத்திப்போட்டா.

இறுக்கம் எவ்வளவு வேணும்னு நான் சொல்றேன், மீட்டரெல்லாம் வேண்டாம். கையுறை மாட்டீட்டு, டார்ச்சை ஒரு மரக்கட்டைக்கு நேரா ரண்டு இஞ்சு தள்ளிப் புடி. பொத்தானை அமுக்கு. கம்பி வந்து கட்டையில முட்டி, வளைஞ்சு சுருண்டு வரணும். முட்டுனதும் ரோலரு வழுக்குனா சித்த இறுக்கு. அதுக்கு மேல ஒரு சுத்துக் கூட வேண்டாம். உருளை பக்கத்துலயும் ஒரு பிரேக்கு நட்டு இருக்கும். பொத்தானை உட்டதும் உருளை தானா சுத்தாம நின்னாப் போதும். ரொம்ப இறுக்குனா மோட்டாரு பாவம், சேத்துல வண்டி இழுக்கற மாடாட்டம் தெணறும்.

லைனரு, டார்ச்சுக் கேபிளுக்கு உள்ள ஓடற ஸ்பிரிங் குழாய். அதை யாரும் கண்ணுல பாக்கறதே இல்லை, அதனால யாரும் மாத்தறதும் இல்லை. கழட்டி எடுத்துத் தரையில ஒரு தட்டு தட்டு. கறுப்பு மாவு கொட்டும். காத்தடிச்சு ஊதிப் பாரு. அப்பவும் கம்பி தடுமாறுனா புதுசு போடு. எவனோ எண்ணெய் உடச் சொன்னான்னு எண்ணெய் உடாத. எண்ணெயில தூசி ஒட்டும், வெல்டுலயும் போயிப் பொரியும். அதுக்குப் பதிலா ஒரு கம்பளித் துண்டைக் கம்பி மேல மடிச்சு துணிக் கிளிப்புல கவ்வ உடு, ரோலருக்கு முன்னால. போற கம்பியைத் தொடைச்சு அனுப்பும். கேபிளை நேரா நீட்டிப் போட்டு வேலை செய்யி. நீ பாம்பாட்டியாட்டம் மூணு வளையம் போட்டுக் கழுத்துல மாட்டீட்டு நிக்கறே. கம்பி எப்படி வரும்?

டிப்பு. அந்தச் சின்ன செம்பு மூக்கு. கம்பிக்குக் கரண்டு ஏறறதே அதுலதான். ஓட்டை தேஞ்சு முட்டையாட்டம் ஆச்சுன்னா கம்பி ஒருநேரம் தொடும், ஒருநேரம் தொடாது. பொறி விக்கும். ஒரு டிப்பு என்ன வெலை? ஒரு டீ, ரண்டு போண்டா. முப்பதாயிரம் நாப்பதாயிரத்துக்கு மிசினு மாத்தத் துணிஞ்சவன், போண்டாக் காசுக்கு மூக்கு மாத்த யோசிக்கறே. ஒரு டஜன் வாங்கி வெய்யி. டிப்பைச் சுத்தி இருக்கற நாசிலுக்குள்ள தெறிச்சு ஒட்டற இரும்புக் கட்டியையும் அப்பப்ப சுரண்டு, இல்லீன்னா கேஸு கோணலாப் போகும்.

கேஸுன்னதும் ஞாபகம் வருது. நீ சோடா கேஸு போதாதுன்னு ஆர்கான் கலவை வேணும்ங்கறயாம். ஆர்கான் 80, கார்பன் டை ஆக்சைடு 20 கலவையில பொறி கொறைச்சலாத் தெறிக்கும், மேல வழவழன்னு இருக்கும், மெல்லுசுத் தகரத்துக்கு ரொம்ப நல்லது. வெறும் கார்பன் டை ஆக்சைடு சித்த முரடு. தெறிக்கும். ஆனா ஆழமா எறங்கும், காசும் கம்மி. மாட்டுக் கட்டுத்தறிக்கு வெக்கற கம்பி பளபளன்னு இருக்கோணும்னு எந்த எருமை கேட்டுச்சு?

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரு மீட்டரை மட்டும் நம்பாத. உள்ள கேஸு தண்ணியாட்டம் திரவமா இருக்குது. கடைசிச் சொட்டு திரவம் இருக்கற வரைக்கும் முள்ளு அசையாது. எல்லாம் இருக்குது, எல்லாம் இருக்குதுன்னு சொல்லீட்டே இருந்துட்டு, கல்யாணத்தன்னைக்குக் கையை விரிக்கற பங்காளியாட்டம். மீதி எவ்வளவுன்னு தெரியணும்னா சிலிண்டரை எடை போடு. நிமுத்தி நிக்க வெச்சு சங்கிலி போட்டுக் கட்டு.

நிமிசத்துக்கு 10, 12 லிட்டரு போதும். நிறைய உட்டா நல்லதுன்னு 25 வெக்கறே. அது சுழி போட்டு வெளிக்காத்தையே உள்ள இழுத்துக்கும். மேல பேன் வேற ஓடுது. வெல்டு பூரா பூச்சியரிச்ச கத்திரிக்காயாட்டம் ஓட்டை. நம்ம பக்கத்துல ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாயில பூந்து வர்ற காத்துல அம்மியே பறக்கும்ங்கறாங்க. வாசல்ல நின்னு கேஸுல வெல்டு வெக்கறயே, அது நிக்குமா? அந்த மாசத்துல வெளி வேலைக்கு ராடை எடு. இல்லீன்னா மாவு அடைச்ச கம்பியில கேஸு வேண்டாத வகையைப் போடு. ஆனா அதைப் போடறப்ப உள்ள இருக்கற ரண்டு ஒயரையும் மாத்திக் குடுக்கோணும். கெட்டிக் கம்பிக்கு டார்ச்சு பிளஸ்ஸு. கேஸில்லாத மாவுக் கம்பிக்கு டார்ச்சு மைனஸ்ஸு. போன ஆடியில நீ மாத்தாமப் போட்டுட்டு, அந்தக் கம்பியே மோசம்னு ஊர் பூரா சொல்லீட்டுத் திரிஞ்சே. கம்பிக்கு வாயிருந்தா அது என்ன சொல்லியிருக்கும்னு நெனச்சுப் பாத்தியா?

வாய்க்காலும் சுத்தம், வேலியும் பத்திரம்னா, அப்பறம் திருகு. அதுக்கு ஒரு ஆப்பு இருக்குதாமே போன்ல. இரும்பு கனத்தைச் சொன்னா வேகத்தைச் சொல்லுதாமே. என்கிட்ட ஒரு கணக்கு இருக்குது. ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 40 ஆம்பியர். ரண்டு மில்லிமீட்டருக்கு 80. மூணுக்கு 120, அதுக்கு மேல உன்ற மிசினைக் கெஞ்சக் கூடாது. சுவிட்சுல வோல்ட்டு. திருகுல கம்பி வேகம். கம்பி வேகம் ஏத்துனா ஆம்பியரும் ஏறும். அவ்வளவுதான் சாஸ்திரம். மிச்சத்தைக் காதுதான் சொல்லோணும்.

காதுல என்னமோ மாட்டீட்டு, பாட்டுக் கேட்டுட்டே வெல்டு வெக்கறயாம்! அடக் கெரகமே. பாட்டே அங்கதாண்டா இருக்குது. கம்பி போயி இரும்பைத் தொட்டு, உருகி அறுந்து, மறுக்காத் தொட்டு, நொடிக்கு 20-ல இருந்து 200 தடவை வரைக்கும் இது நடக்குது. அதுதான் அந்தச் சத்தம். கம்பி வேகம் அதிகமானா கடுகு வெடிக்கற மாதிரி பட்டுப் பட்டுங்கும், டார்ச்சு உன்ற கையைப் பின்னால தள்ளும். கொறைஞ்சு போச்சுன்னா கம்பி நுனி உருண்டையாத் தொங்கி சொட்டும், சமயத்துல டிப்போடயே ஒட்டிக்கும். நடுவுல ஒரு எடம் இருக்குது. காஞ்ச எண்ணெயில வாழைக்கா பஜ்ஜி போட்டா வருமே, உடாம ஒரே சீரா, அந்தச் சத்தம். திருகை வேகத்துல ஆரம்பிச்சு மெதுவாக் கொறைச்சுட்டே வா. பஜ்ஜி சத்தம் வந்ததும் நிறுத்து. அந்த எடத்துல பெயிண்டுல ஒரு கோடு போடு. இந்தக் கனத்துக்கு இந்தக் கோடுன்னு செவுத்துல எழுதி வெய்யி. அதுக்குச் சார்ஜு போட வேண்டியதில்லை.

கம்பி டிப்புக்கு வெளிய சுண்டு வெரல் நகத்தகலம் நீட்டுனாப் போதும். டார்ச்சைச் சித்தச் சாய்ச்சு முன்னால தள்ளீட்டுப் போ. வெளிச்சத்தைப் பாக்காத, அதுக்குக் கீழ குளமாட்டம் உருகி நிக்கறதைப் பாரு. குளம் ரண்டு கரையையும் நனைக்குதான்னு பாரு. மெல்லுசுத் தகரமா? இழுத்துட்டே போனா ஓட்டை உழும், இல்லீன்னா அப்பளமாட்டம் நெளியும். இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு வெய்யி. அது ஆறட்டும், நடுவுல வெய்யி. அவசரப்பட்டு ஒரே இழுப்புல முடிக்கறது உன்ற செல்போன் வீடியோவுக்கு நல்லா இருக்கும், தகரத்துக்கு ஆகாது.

அந்த வீடியோவுல எல்லாரும் காசு அடுக்கி வெச்ச மாதிரி வரிவரியா வெல்டு வெக்கறாங்களாம். உனக்கும் அது வேணுமாம். மிக்குல ஒரு மாயம் இருக்குது, கேட்டுக்கோ. அடியில ஒட்டவே ஒட்டாம, மேல மட்டும் அழகா உக்காந்திருக்கும். காக்கா எச்சம் காஞ்ச மாதிரி. நகை போட்ட பொண்ணைப் பாத்து, சமைக்கத் தெரியும்னு நெனச்சவன் கதை. நீ என்ன பண்றே, ரண்டு துண்டுக் கழிவு இரும்பை எடு. வேலைக்கு வெக்கற அதே கனம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டு. ஆறுனதும் வைஸுல கவ்விட்டு சுத்தியில மடக்கி அடி. இரும்பு வளைஞ்சு கிழிஞ்சா நீ வெல்டரு. ஒட்டு அப்படியே ஓடு பெயர்ற மாதிரி பெயர்ந்து வந்தா, அதைப் போட்டா எடுத்து வாட்ஸப்புல போடு பாப்போம். போடமாட்டே.

ஜி.ஐ. பைப்பா இருந்தா துத்தநாகப் பூச்சைத் தேச்சு எடுத்துட்டு வெய்யி. வெள்ளைப் புகை வருமே, அதை மோந்துட்டுப் போயிப் படுத்தா ராத்திரி குளிர் சொரம் வந்து கட்டிலே ஆடும். பாலு குடிச்சாச் சரியாப்போகும், வெல்லம் தின்னாச் சரியாப்போகும்னு சொல்லுவாங்க. புகையே உள்ள போகாம காத்தோட்டமா வெச்சு வேலை செஞ்சா பாலு கன்னுக்குட்டிக்காச்சும் மிஞ்சும். பிரேக்கு கழுவற ஸ்பிரேயில குளோரின் சேந்தது இருக்குது, அதை அடிச்ச இரும்புல வெல்டு வெச்சா விஷப்புகை. தொடவே தொடாத. முழுக்கை சட்டை போடு. ஹெல்மெட்டைத் தூக்கீட்டு ஒரே ஒரு பொட்டுத்தானேன்னு வெக்காத. நான் வெச்சேன், இருவது வயசுல. நடுராத்திரி கண்ணுக்குள்ள மணலை அள்ளிக் கொட்டுன மாதிரி இருந்துச்சு. எங்காத்தா வெள்ளரிக்காயை வில்லை வில்லையா அறுத்து ஒட்டி உட்டா. வெடியற வரைக்கும் அழுதேன். கழுகு ஹெல்மெட்டை நான் குத்தம் சொல்லாததுக்கு அதுதான் காரணம்.

என்ன, எழுதி வெச்சுக்கறயா? வேண்டாம். போயி மொதல்ல மூடியைத் தொற.

இன்னொரு சங்கதி. உன்கிட்டச் சொல்லலாமா வேண்டாமான்னு நேத்து ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுத்தேன். போன வாரம் நீ பழைய இரும்புக்காரன்கிட்ட மிசினுக்கு எடைவெல பேசுனயே, அவன் உங்க ஊட்டுல இருந்து நேரா எங்கிட்டத்தான் வந்தான். கிலோவுக்கு அஞ்சு ரூவா சேத்திக் குடுங்க, உங்க வாசல்லயே எறக்கறேன்னான். நானும் சரின்னுட்டேன். ஐநூறு ரூவா அட்வான்சும் குடுத்துப்போட்டேன். என்ன பண்றது, அந்தச் செம்புச் சுருளைப் பாத்தா எனக்குக் கை நமநமங்குது. ஆனா உங்கப்பாரும் நானும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க. அவன் மொகம் கண்ணுல வந்து நின்னுட்டுது.

அதனால நீ என்ன பண்றே, ஒரு வாரம் நான் சொன்ன மாதிரியே பண்ணிப் பாரு. சரியாப் போச்சுன்னா மிசினை நீயே வெச்சுக்கோ, என்ற ஐநூறைக் குடுத்துரு. சரியாகலீன்னா, எடைவெலயை ஏத்தாம அந்த இரும்புக்காரன்கிட்டயே போட்டுரு. பல்லியை அடிச்சுப்போடாத, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

போறப்ப அந்த ஸ்டூலையும் எடுத்துட்டுப் போ. வைஸுல கவ்வறதுக்கு ஆகும்.